பழகிய உலகைப் புதிதாகக் காட்டும் மாயச் சுங்கச்சாவடி

பள்ளி முடிந்து வீடு திரும்பும் மைலோ என்னும் சிறுவன், தன் அறையில் யாரோ வைத்துவிட்டுப் போன பெரியதொரு பொட்டலத்தைக் காண்கிறான். அதனோடு வந்த உறையின் மேல், ‘நிறைய நேரம் வைத்திருக்கும் மைலோவுக்கு’ என்று எழுதியிருக்கிறது. பொட்டலத்துக்குள் இருப்பது நெடுஞ்சாலைகளில் கட்டணம் வாங்கும் சுங்கச்சாவடி ஒன்றின் பாகங்கள். எச்சரிக்கைப் பலகைகளும், சில நாணயங்களும், ஒரு வரைபடமும், விதிமுறைப் புத்தகமும் கூடவே இருக்கின்றன. வேறு வேலை எதுவும் இல்லாத காரணத்தால் அவன் அந்தச் சாவடியைப் பொருத்தி நிறுத்துகிறான். நெடுநாளாகத் தொடாமல் மூலையில் கிடந்த தன் சிறிய மின்சாரக் காரில் ஏறி, நாணயத்தைப் போட்டு, அதைக் கடக்கிறான். கடந்த மறுகணம் அறை மறைந்துபோய், முன்பின் தெரியாத ஒரு நாட்டின் சாலையில் கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஃபாண்டம் டோல்பூத்’ என்னும் சிறார் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் நார்ட்டன் ஜஸ்டர். தொழிலால் கட்டடக் கலைஞர். படங்களை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரரான ஜூல்ஸ் ஃபைஃபர். நடக்க இயலாதவற்றை நடந்ததாகச் சொல்லும் இத்தகைய கதைகளை நாம் மிகுபுனைவு என்கிறோம். மிகுபுனைவு என்றதும் அன்றாட வாழ்விலிருந்து தப்பிச் செல்வதற்கான வழி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆயினும் மிகுபுனைவுக்குள்ளேயே ஒரு தனி வகை உண்டு. அவ்வகைக் கதைகள் மாய உலகத்தைக் காட்டுவது, நாம் விட்டுவந்த இந்தச் சாதாரண உலகத்தை மறுபடியும் பார்க்க வைப்பதற்காகவே. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இந்த ஒரே நாவலைத் துணையாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில், சாதாரண உலகம் நம் கண்ணிலிருந்து ஏன் மறைகிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகக் குடியேறிய வீட்டில் சன்னலுக்கு வெளியே தெரியும் மரம் முதல் வாரம் முழுவதும் கண்ணில் படுகிறது. ஓராண்டு கழிந்தபின் அந்த மரம் இலையுதிர்த்துத் துளிர்த்ததைக்கூட நாம் அறிவதில்லை. மரத்தில் எந்தக் குறையும் ஏற்படவில்லை. ‘அங்கே மரம் இருக்கிறது’ என்ற அறிவே போதும் என்று மனம் நின்றுவிட்டது, பார்க்கும் வேலையை விட்டுவிட்டது. ரஷ்ய இலக்கிய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கலையின் அடிப்படைச் சிக்கலாகவே கொண்டார். பழக்கம் நம் வேலையையும் உடையையும் வீட்டுப் பொருள்களையும் விழுங்கிவிடுகிறது என்றும், கல்லைக் கல்லாக உணரச் செய்வதற்கே கலை இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, குதிரையே தன் கதையைச் சொல்வதாக டால்ஸ்டாய் எழுதிய சிறுகதை. ‘என் குதிரை’, ‘என் நிலம்’ என்று மனிதர்கள் சொல்வதன் பொருள் அந்தக் குதிரைக்கு விளங்குவதில்லை. அது விளங்காமல் திகைக்கும்போது, உடைமை என்னும் நாம் கேள்வியே கேட்காத ஒன்று, வாசிப்பவருக்கும் திடீரென்று விசித்திரமாகத் தெரிகிறது. இந்த உத்தியைத் தமிழில் பரிச்சய நீக்கம் எனலாம்.

ஷ்க்லோவ்ஸ்கி எல்லாக் கலைக்கும் பொதுவாகச் சொன்னதை, மிகுபுனைவுக்கே உரிய பணியாக வேறொரு சொல்லால் விளக்கியவர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். தேவதைக் கதைகளைப் பற்றி 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை, பின்னர் விரிவாக்கப்பட்டு 1947இல் அச்சேறியது. அதில் அவர் ‘மீட்பு’ என்ற கருத்தை முன்வைக்கிறார். இழந்த தெளிவான பார்வையைத் திரும்பப் பெறுவதே மீட்பு. நாம் பார்க்கும் சன்னல் கண்ணாடிகளில் பழக்கத்தின் அழுக்குப் படிந்திருக்கிறது. இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவைதாம், நம்முடையவைதாம் என்ற எண்ணம் அந்த அழுக்கை இன்னும் தடிமனாக்குகிறது. அதைத் துடைக்க வேண்டும் என்கிறார் அவர். இந்த உவமையை நான் விரும்புவதற்குக் காரணம், துடைத்தபின் தெரிவது புதிய காட்சி ஒன்றன்று என்பதே. சன்னலுக்கு வெளியே ஏற்கெனவே நின்றிருந்த அதே மரம்தான் தெரியும்.

தமிழ் வாசகருக்கு இதற்கு நெருக்கமான சொல் ஒன்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்நூலின் மெய்ப்பாட்டியல் என்னும் பகுதி, வியப்பை மருட்கை என்று பெயரிட்டு, அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைக் கூறுகிறது. இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, அளவில் மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறியது ஆகிய நான்கையும் கண்டபோது மனம் வியக்கிறது. உலகின் மிகுபுனைவுக் கதைகளில் பெரும்பாலானவற்றை இந்த நான்கு சொற்களுக்குள் அடக்கிவிடலாம்: காணாத நாடு, இராட்சதர், விரலளவு மனிதர், மனிதனாக மாறும் தவளை. நாம் பேசும் வகைக் கதை இந்த நான்கையும் பயன்படுத்திக்கொண்டு, அவற்றால் எழுந்த வியப்பை அவற்றிடமே விட்டுவிடாமல், பழையதும் நடுத்தரமானதும் மாறாததுமாகிய ஒன்றின் மேல் திருப்பி வைக்கிறது. அந்தத் திருப்பத்தில்தான் கதாசிரியரின் முழுத் திறமையும் இருக்கிறது.

இனி நாவலுக்குள் செல்வோம். மைலோவின் குறை வறுமையோ தனிமையோ அன்று. அவனுக்கு எதிலும் நாட்டமில்லை, அவ்வளவே. பள்ளியில் இருக்கும்போது வெளியே போக ஏங்குகிறான்; வெளியே வந்ததும் உள்ளே போக ஏங்குகிறான்; போகும் வழியில் வருவதை நினைக்கிறான், வரும் வழியில் போவதை நினைக்கிறான். அவன் அறையில் படிக்காத புத்தகங்களும், விளையாடக் கற்காத விளையாட்டுகளும், பயன்படுத்தாத கருவிகளும் நிறைந்து கிடக்கின்றன. இந்த முதல் அத்தியாயத்தை வாசகர் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த அறைக்குக் கதை மறுபடியும் வரும்.

சாலையில் அவன் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் மந்தநிலம். அங்கே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சிந்திப்பதும் சிரிப்பதும் சட்டப்படி குற்றம். எதையும் யோசிக்காமல் ஓட்டியதால்தான் மைலோவின் கார் அங்கே வந்து நின்றுவிட்டது. டாக் என்னும் நாய் ஓடிவந்து, யோசிக்காமல் வந்த இடத்திலிருந்து யோசித்துத்தான் வெளியேற முடியும் என்று சொல்கிறது. காவல் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதிக்குக் கடிகாரம் என்றும் பொருள் உண்டு. அதனால் டாக்கின் உடலே ஒரு கடிகாரமாக இருக்கிறது. மைலோ பறவைகளைப் பற்றியும், மீன்களைப் பற்றியும், நினைவுக்கு வந்த எல்லாவற்றைப் பற்றியும் எண்ணத் தொடங்குகிறான்; சக்கரங்கள் மெல்லச் சுழலத் தொடங்குகின்றன. கவனம் என்பது இங்கே அறிவுரையாக வரவில்லை. அது காரின் எரிபொருளாக வருகிறது. கருத்து ஒன்றைப் பொருளாக மாற்றிக் கையில் கொடுப்பது இந்நாவலின் முதன்மையான வழிமுறை.

அதே வழிமுறை மொழியிலும் செயல்படுகிறது. நாம் அன்றாடம் பேசும் வழக்குகள் பலவும் ஒரு காலத்தில் உயிருள்ள உவமைகளாக இருந்தவை. பழகிப் பழகி அவற்றின் படம் அழிந்துவிட்டது. தமிழில் ‘மனக்கோட்டை கட்டுதல்’ என்கிறோம். அந்தக் கோட்டைக்கு வாசல் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்திலும் காற்றில் கட்டிய கோட்டை என்றொரு வழக்கு உண்டு. ஜஸ்டர் அந்தக் கோட்டையை உண்மையாகவே காற்றில் நிறுத்தி, அதற்குச் சுழல் படிக்கட்டு வைத்து, மைலோவை அதில் ஏற வைக்கிறார். சொற்களின் நகரமான டிக்‌ஷனாபொலிஸில் எழுத்துகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அரசர் அஸாஸ் தரும் விருந்தில் ஒவ்வொருவரும் தாம் பேசிய சொற்களையே உண்ண வேண்டியிருக்கிறது. போதிய சான்றின்றி முடிவுக்குத் தாவுபவர்கள் ‘முடிவுகள்’ என்ற பெயருடைய தீவில் போய் விழுகிறார்கள். இந்நாவலைத் தமிழில் படிக்க விரும்புபவருக்கும், மொழிபெயர்க்க விரும்புபவருக்கும் பெரிய தடை இதுவே. சிலேடையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செத்துவிடும். ஆனால் நம் மொழியில் படம் அழிந்துபோன வழக்குகளுக்குக் குறைவே இல்லை. ஒரு குழந்தையிடம் ‘சொல்லை மென்று விழுங்கினான்’ என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல் என்ன சுவையாக இருந்திருக்கும் என்று கேட்டால், நாவலின் பாதி வேலை அங்கேயே நடந்துவிடும்.

என் மதிப்பீட்டில் நாவலின் மிகச் சிறந்த பகுதிகள் நடுவில் இருக்கின்றன; அங்கே ஜஸ்டர் எதையும் கூட்டுவதில்லை, நமக்கு இருப்பதை எடுத்துவிடுகிறார். குரோமா என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களைக் கொண்ட குழுவை நடத்துகிறார். அவர்கள் இசைப்பதால் கேட்பது ஒன்றுமில்லை. உலகின் நிறங்கள் அனைத்தும் அந்த இசையே. அவர்கள் வாசிப்பதை நிறுத்தினால் உலகம், குழந்தைகள் வண்ணம் தீட்டுவதற்கென்று அச்சிட்ட புத்தகம் போல, வெறும் கோடுகளாகிவிடுகிறது. குரோமா உறங்கிக்கொண்டிருக்கும்போது மைலோ சூரியோதயத்தைத் தானே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு விரலை உயர்த்துகிறான். ஒற்றைக் குழல் ஒலிக்க, கிழக்கில் மஞ்சள் ஒளியின் கீற்று ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதன் பிறகு இசைக்குழு அவன் கைக்கு அடங்குவதில்லை. எல்லாமே தமக்கு உரியவையல்லாத நிறங்களுக்கு மாறுகின்றன, ஒரு வாரமே ஓடிவிடுகிறது. வானம் விடிவது எவ்வளவு நுட்பமான, எத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலை என்று தோன்றிய ஒரு குழந்தை, மறுநாள் காலையில் கிழக்கை வெறுமனே கடந்து போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த அத்தியாயத்துக்கு ஃபைஃபர் வரைந்த படமும் மற்றப் படங்களைப் போலவே கறுப்பு மையில்தான் இருக்கிறது. நிறங்களை வாசகர்தாம் கொண்டுவர வேண்டும்.

ஒலிப் பள்ளத்தாக்கு இதன் இணை. அங்கே மக்கள் கேட்பதையே மறந்து, வெறும் இரைச்சலை விரும்பத் தொடங்கியதால், ஒலிக்காவலர் எல்லா ஒலிகளையும் கோட்டைக்குள் பூட்டிவிட்டார். பேசினாலும் ஓசை எழாத, மணியடித்தாலும் கேட்காத அந்த ஊருக்கு விடுதலை கொடுக்க ஒரே ஓர் ஒலி போதும். கோட்டைக்குள் ‘ஆனால்’ என்று சொல்ல வாயெடுத்த மைலோ சட்டென்று உதடுகளை மூடிக்கொள்கிறான். நாக்கில் நின்ற அந்தச் சிறு சொல்லை வாய்க்குள் வைத்தே வெளியே கடத்தி வருகிறான். பீரங்கியில் இட்டு அதை ஏவும்போது கோட்டை உடைந்து, அடைபட்டிருந்த ஒலிகள் எல்லாம் வெளியேறுகின்றன. எனினும் ஒலிக்காவலரை ஆசிரியர் கெட்டவராகக் காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விடியலுக்குச் சற்று முன்னர் நிலவும் அமைதியும், புயல் ஓய்ந்ததும் வரும் அமைதியும் வெவ்வேறானவை என்று அவர் மைலோவிடம் சொல்கிறார். ஒலியைப் பூட்டியவரே அமைதியின் வகைகளை அறிந்தவராகவும் இருக்கிறார். கேட்கத் தெரிந்தவருக்கே இரண்டும் தெரியும்.

எடுத்துவிடுதல் என்னும் உத்தியின் உச்சம், யதார்த்தம் என்ற பெயருடைய நகரம். ஒரு காலத்தில் அது அழகிய வீடுகளும் வீதிகளும் நிறைந்த ஊர். தம் காலணிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். விரைவில் எல்லோரும் அப்படியே நடக்கத் தொடங்கினார்கள். யாரும் பார்க்காததால் நகரம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் முற்றிலும் மறைந்தும் போனது. மக்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். இல்லாத வீதிகளில் அவசரமாக நடந்து, இல்லாத வாசல்களில் நுழைகிறார்கள். மறைந்ததை அவர்கள் கவனிக்கவே இல்லை. இந்த அத்தியாயத்தின் பின்னணி தெரிந்தால் அதன் கனம் கூடும். நகரங்களையும் மனிதர்கள் அவற்றைக் காணும் விதத்தையும் பற்றிக் குழந்தைகளுக்கான நூல் ஒன்றை எழுதுவதற்காக ஜஸ்டர் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கையைப் பெற்றிருந்தார். அந்த வேலை சுமையாகத் தோன்றியபோது, அதிலிருந்து சற்று விலகியிருக்க எழுதத் தொடங்கியதே மைலோவின் கதை. நகரங்களைப் பற்றிய நூல் எழுதப்படவில்லை. ஆனால் அதில் சொல்ல வேண்டியிருந்ததன் சாரம் இந்தச் சில பக்கங்களில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

தொல்காப்பியம் சொன்ன பெருமையும் சிறுமையும் இந்நாவலில் வரும் இடம் மிகவும் எளியது, மிகவும் அழகானது. காட்டில் ஒரு வீட்டுக்கு நான்கு கதவுகள். ஒன்றில் இராட்சதர் என்றும், மற்றொன்றில் குள்ளர் என்றும், அடுத்ததில் பருமனானவர் என்றும், கடைசியில் ஒல்லியானவர் என்றும் எழுதியிருக்கிறது. நான்கையும் தட்டினால் நான்கிலும் வந்து நிற்பவர் எல்லாரையும் போன்ற உடலமைப்புள்ள ஒரே மனிதர். அவர் உலகிலேயே மிகச் சிறிய இராட்சதர், மிகப் பெரிய குள்ளர், மிக மெலிந்த பருமனானவர், மிகப் பருத்த ஒல்லியானவர். சாதாரண மனிதர் ஒருவர், எந்தக் கதவின் வழியே பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, நான்கு முறையும் அதிசயமாகிவிடுகிறார். இந்தக் கட்டுரை முழுவதும் விளக்க முயலும் கருத்து அந்த நான்கு கதவுகளில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். அன்றாடத்தைப் போற்றுதல் என்றால் சிறிய வேலைகளில் மூழ்கிக் கிடப்பது என்று பொருளாகாது. அறியாமை மலைகளில் மைலோவையும் அவன் நண்பர்களையும் மடக்கும் பேய்களுள் ஒன்று, நேர்த்தியாக உடுத்திய, ஆனால் முகமே இல்லாத ஒரு கனவான். அவன் மிகுந்த பணிவோடு சின்னச் சின்ன வேலைகளைத் தருகிறான்: மணற்குவியலை இடுக்கியால் மணிமணியாக இடம் மாற்றுவது, கிணற்று நீரைச் சொட்டு மருந்துக் குழாயால் இறைப்பது, ஊசியால் குன்றைத் துளைப்பது. மணிக்கணக்கில் உழைத்தபின் மைலோ கணக்குப் போட்டுப் பார்க்கிறான். அந்த வேலைகள் முடிய 837 ஆண்டுகள் ஆகும். மந்தநிலத்தின் சோம்பலும் இந்தப் பேய் தரும் சுறுசுறுப்பும் வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை. பார்வையை மழுங்கடிப்பதில் இரண்டும் ஒன்றே. இவ்வளவு கூர்மையான வேறுபாட்டைப் பெரியவர்களுக்கான நூல்களிலும் நான் அதிகம் கண்டதில்லை.

இவ்வகைக் கதையை மற்ற மிகுபுனைவுகளிலிருந்து பிரித்தறிய நான் கையாளும் முறை எளிமையானது. முதல் அத்தியாயத்தில் வீடும் தெருவும் எப்படி வருணிக்கப்பட்டன என்பதைப் படித்துவிட்டு, நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போய் அதே வீடும் தெருவும் எப்படி வருகின்றன என்று பார்ப்பேன். சில கதைகளில் நாயகன் திரும்பி வருவதே இல்லை. சாதாரண உலகம் அவனுக்குச் சிறையாக இருந்தது, மாய உலகம் அவனுக்குப் பரிசாகக் கிடைத்தது. வேறு சிலவற்றில் வீடு திரும்புதல் வெறும் சம்பிரதாயம். இவற்றில் நல்ல கதைகள் உண்டு, அவை தரும் இன்பமும் உண்மையானதே. ஆனால் அவை செய்யும் வேலை வேறு. மீட்பு நிகழும் கதையில் அறையின் ஒரு பொருள்கூட மாறியிருக்காது, வருணனை மட்டும் முழுவதும் மாறியிருக்கும். நடுவிலுள்ள அரசர்களும் பேய்களும் இளவரசிகளும் அந்த ஒரு மாற்றத்துக்காக வந்தவர்கள்.

இந்நாவல் வெளிவந்த காலத்தில், இதன் சொற்கள் குழந்தைகளுக்குக் கடினமானவை என்றும், மிகுபுனைவு குழந்தைகளைத் திசைதடுமாறச் செய்யும் என்றும் தமக்குச் சொல்லப்பட்டதாக ஜஸ்டர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தன் அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சலிப்பையே கண்ட சிறுவனுக்குத் திசை சற்றுத் தடுமாறத்தான் வேண்டும். கருத்துகள் ஆள்களாக நடமாடும் கதை ஆகையால் சில இடங்களில் ஆசிரியரின் குரல் பாடம் நடத்துவதாகவும் மாறிவிடுகிறது. எண்களின் நகரத்தில் வரும் சில உரையாடல்களைக் குழந்தைகள் தாண்டிப் போனால் நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்கு இதை வாசித்துக் காட்டுபவர் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ‘இதிலிருந்து என்ன கற்றாய்’ என்று கேட்காதிருப்பது நல்லது. யதார்த்த நகரத்தைப் படித்த நாளில், வழக்கமாகப் போகும் தெருவில் ஒன்றும் பேசாமல் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும்.

மைலோ கடைசியில் சாவடியைக் கடந்து வீடு திரும்புகிறான். பல வாரங்கள் போய்விட்டன என்று நினைத்தவனுக்கு, ஒரு மணி நேரமே ஆகியிருக்கிறது என்று கடிகாரம் காட்டுகிறது. மறுநாள் பள்ளியிலிருந்து ஓடிவந்து பார்த்தால் அறையில் சாவடி இல்லை. அது வேறு குழந்தைகளுக்குத் தேவைப்படுகிறது என்று ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. இம்முறை உறையின் மேல், ‘இப்போது வழி தெரிந்த மைலோவுக்கு’ என்று எழுதியிருக்கிறது. அவன் சற்று நேரம் வருந்துகிறான். பிறகு சன்னலுக்கு வெளியே வானத்தின் நீலமும், இலைகளின் வெவ்வேறு பச்சையும், தெருவில் போகும் மனிதர்களின் பேச்சும் அவன் கவனத்துக்கு வருகின்றன. அறைக்குள் திரும்பிப் பார்த்தால் படிக்காத புத்தகங்களும், கற்காத விளையாட்டுகளும், தொடாத கருவிகளும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு பயணம் போக அவனுக்கு ஆசைதான். ஆனால் இங்கேயே செய்ய வேண்டியவை இவ்வளவு இருக்க, அதற்கு எப்போது நேரம் கிடைக்கும் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.